காய்ச்சல் இருந்ததா, இருக்கிறதா?

துபாஷி வேலை என்பது இரண்டு பேருக்கு நடுவில் நின்று, இரண்டு பேர் திட்டையும் ஒரே ஆளாக வாங்கிக்கொள்கிற வேலை. அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே பேச்சுக் கொண்டுபோய்ப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். நீங்கள் பட்ட பாட்டையும் நான் பட்ட பாட்டையும் தராசில் வைத்தால் யார் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது.

நான் தொழிலால் துபாஷி அல்ல. மலாயாவில், தம்பினிலிருந்து ஏழு மைல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரசர். அதாவது தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்குக் கொயினா ஊற்றிக் கொடுக்கிற ஆள். ஊரில் சின்ன வயதில் ஒரு ஜெர்மன் பாதிரியார் வீட்டில் வளர்ந்தேன். பாதிரியாரின் மனைவி எனக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்து, தனக்கும் சமையல்காரருக்கும் நடுவே என்னைத் துபாஷியாக வைத்துக்கொண்டார். "சொன்னதைச் சொல், கூட்டாதே, குறைக்காதே" என்பது அந்த அம்மாவின் சட்டம். முதல் உலகச் சண்டை வந்ததும் வெள்ளைக்காரன் அவர்களைக் கப்பலேற்றிவிட்டான். மிச்சப் படிப்பெல்லாம் இங்கிலீஷில் நடந்தது. ஜப்பான்காரன் வந்து, எங்கள் துரை சிங்கப்பூர் பக்கம் ஓடின பிறகு, அந்தப் பழைய ஜெர்மன்தான் எனக்குச் சோறு போட்டது. சோறு என்றா சொன்னேன்? மரவள்ளிக் கிழங்கு போட்டது.

இப்போது என்ன செய்கிறேன்

ஜப்பான் ராணுவ டாக்டர் ஒருவர் முதல் தடவை தோட்டத்துக்கு வந்தார். தடித்த கண்ணாடி. அன்றைக்கே எங்கள் ஜனங்கள் 'கண்ணாடி டாக்டர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். அவர் ஜப்பான் மொழியில் என்னவோ கேட்டார். தோட்டத்துக் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிற பெரிய கிராணி மலாயில் பதில் சொன்னார். டாக்டருக்கு மலாய் தெரியாது. கிராணி பயத்தில் இரண்டு வார்த்தை இங்கிலீஷ் உளறவும், கூட வந்த ராணுவ சார்ஜன் கம்பை ஓங்கிவிட்டான். எதிரி பாஷையாம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தனக்குத்தானே ஜெர்மனில் முணுமுணுத்தார்: "இப்போது நான் என்ன செய்கிறேன்?" இனிமேல் செய்யப்போவதைக் கேட்கிறார், ஆனால் 'செய்கிறேன்' என்கிறார். இங்கிலீஷ்காரன் இதற்கு வேறு வினை போடுவான். ஜெர்மன்காரனுக்கு நடப்புக் காலமே போதும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கழித்து அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் என் நாக்கு என்னைக் கேட்காமல் ஓடிவிட்டது. "இப்போது நீங்கள் தேநீர் குடிக்கிறீர்கள்" என்றேன், ஜெர்மனிலேயே. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் நாட்டில் வைத்தியப் படிப்பே ஜெர்மன் புத்தகத்தில்தான் நடக்குமாம்.

அன்றைக்கு நான் துபாஷி ஆனேன். ஆஸ்பத்திரி ஆயா மரியாயி கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள், தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் காதில் சொன்னாள்:

"பேய் புடிச்ச மாதிரி என்னமோ பேசுனீங்க டிரசர் ஐயா, ஆனா அந்த ஆளு சிரிச்சுட்டான், அதுவரைக்கும் மாதாவுக்கு நன்றி."

என் வேலையை நானே முடித்தது

மறுவாரம் டாக்டர் கேட்டார்: இங்கே எவ்வளவு நாளாக வேலை? பன்னிரண்டு வருஷம். அதைச் சொல்ல வேண்டியதுதானே? என் மண்டைக்குள் அதற்குள் இங்கிலீஷ் பாய் விரித்துப் படுத்திருந்தது. இங்கிலீஷில் அதை முடிந்த காலம் மாதிரி சொல்லி, இன்னும் நடக்கிறது என்று புரியவைப்பார்கள். அதை அப்படியே ஜெர்மனில் பெயர்த்தேன். ஜெர்மனில் அதற்கு அர்த்தம்: பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தேன், முடிந்தது, இப்போது இல்லை.

டாக்டர் முகம் மாறிவிட்டது. "அப்படியானால் இப்போதைய டிரசர் எங்கே? அவனை வரச் சொல்" என்றார். நான் நானேதான் என்கிறேன். நீ முன்னாள் அல்லவா என்கிறார். சார்ஜன் என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனான். வாசற்படியில்தான் புத்தி வந்தது. நம் தமிழில் எப்படிச் சொல்வோம்? 'பன்னிரண்டு வருஷமா வேலை செய்யிறேன்.' ஜெர்மனிலும் அச்சு அசலாக அப்படித்தான். அட மடையா, தமிழை வைத்துக்கொண்டே இங்கிலீஷ் வழியாகச் சுற்றி வந்திருக்கிறாயே என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டு, வாசலிலிருந்தே அதை ஜெர்மனில் கத்தினேன். டாக்டர் திரும்பக் கூப்பிட்டார். பெரிய கிராணிக்கு விஷயம் பிடிபட இரண்டு நாள் ஆனது. பிடிபட்டதும் சொன்னார்:

"ஓய் டிரசர், உம்மை வேலைய விட்டுத் தூக்க ஜப்பான்காரன் வேணாம்லா, உம்ம வாயே போதும்."

பின் ஜன்னல்

ஜப்பான்காரன் வருமுன் இருந்த ஒரு பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்கு விளங்காது. துரை காலத்தில், விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது, யாராவது 'காய்ச்சல்' என்று சொன்னால் அன்றைக்கு அவனுக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. மூன்று தடவை சொன்னால் சோம்பேறி என்று துரை பார்க்கிற பார்வையே வேறு. அதனால் எங்கள் தோட்டத்தில் எவனும் சொல்ல மாட்டான். உடம்பு நெருப்பாகச் சுடும், பல் கிட்டிப்போகும், துரை தொப்பியைப் பார்த்ததும் நெஞ்சை நிமிர்த்தி "நல்லா இருக்கேங்க தொர" என்பான். நிரையில் போய் மரம் வெட்டிப் பால் எடுத்து முடித்து, மத்தியானம் வாளியோடு என் ஆஸ்பத்திரியின் பின் ஜன்னலுக்கு வருவான். நான் சத்தமில்லாமல் கொயினாவை ஊற்றிக் கொடுப்பேன். முன் வாசல் வழியாக வருகிறவர்கள் பெரும்பாலும் கால் உடைந்தவர்கள், இல்லையென்றால் பிணம்.

இந்தப் பின் ஜன்னல் கூட்டத்துக்கு மாணிக்கம்தான் தலைவர். நல்ல பால் வெட்டுக்காரன். நான் வேலைக்கு வந்த வருஷத்திலிருந்தே அவனுக்குக் காய்ச்சல் வந்துவந்து போகும். மண்ணீரல் வீங்கி, வயிற்றில் கல்லை வைத்துக் கட்டினது போல் இருக்கும். பெரட்டில் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே நடுங்கிக்கொண்டே கசப்பு மருந்தைக் குடித்துவிட்டு ஒரு தடவை என்னிடம் சொன்னான்:

"காய்ச்சல் எல்லாருக்கும்தான் வரும் ஐயா, வாயில வரக்கூடாது, அவ்வளவுதான்."

எந்தச் சனிக்கிழமை

ஜப்பான்காரன் காலத்தில் பால் வெட்டு நின்றுபோய்க் கிழங்கு நட்டோம். கொயினா போத்தல்களும் ஒவ்வொன்றாகக் காலியாகின. நான் டாக்டரிடம் நச்சரித்தேன். "கொயினா சனிக்கிழமை வருகிறது" என்றார். ஜெர்மனில் வரப்போவதை இப்படித்தான் சொல்வார்கள். நமக்கும் அது இயல்புதான். நான் சொன்னதைச் சொல்லும் ஆள் ஆயிற்றே, கூலி வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்தில் போய் அப்படியே சொன்னேன்: "கொயினா சனிக்கிழமை வருது."

'வரும்' என்றால் எங்கள் ஜனங்கள் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். 'வருது' என்றால் தம்பின் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கிவிட்டது என்று அர்த்தம். சனிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரி முன்னால் போத்தலோடும் சிரட்டையோடும் நாற்பது பேர். கொயினா வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை ஒரு சின்ன டின் வந்தது, அதுவும் பாதி. டாக்டருக்கே வெட்கமாகிவிட்டது. மாணிக்கத்தின் மனைவி வீராயி, காலிப் போத்தலை இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"உங்க மேல குத்தமில்ல ஐயா, எந்தச் சனிக்கெழமன்னு கேக்காம வந்தோம் பாருங்க, அது எங்க குத்தம்."

சோறும் மரவள்ளியும்

துரை பங்களாவில் டாக்டருக்கு இரண்டு பொருள் கிடைத்தன. ஒன்று, துரையின் வெயில் தொப்பி. அதைத் தலையில் மாட்டிக்கொண்டார். இன்னொன்று, மலேரியா பற்றி இங்கிலீஷில் ஒரு தடித்த புத்தகம். அதைப் படிக்க இங்கிலீஷ் வேண்டும். வெளியே சொன்னால் தலை போகும். அதனால் மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் அவருக்கு வாத்தியார் ஆனேன்.

மனுஷன் கெட்டிக்காரர். ஆனால் முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டார். 'சாப்பிடுகிறேன்' என்பதற்கு இங்கிலீஷில் ஏன் இரண்டு விதம்? ஜெர்மனில் ஒன்றுதானே? நான் யோசித்துப் பார்த்து ஓர் உதாரணம் சொன்னேன். "ஐயா, நான் சோறு சாப்பிடுகிறவன். பிறந்ததிலிருந்து அதுதான் வழக்கம். அதற்கு ஒரு விதம். இப்போது மரவள்ளி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இது சண்டை முடிகிறவரைக்கும். அதற்கு இன்னொரு விதம்." அவர் குனிந்து அதைப் புத்தக ஓரத்தில் எழுதிக்கொண்டார். சண்டை முடியும் என்று ஒரு ஜப்பான் ராணுவ டாக்டரிடமே சொல்லிவிட்டோமே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் நிமிர்ந்து, நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்:

"அப்படியானால் ஜெர்மன்காரனுக்குச் சோறும் மரவள்ளியும் ஒன்றுதானா?"

ஒரு காய்ச்சலுக்கு இரண்டு வார்த்தை

அவரை அதிகம் படுத்தினது வேறொன்று. காய்ச்சல் எப்போதோ தொடங்கி இன்னும் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஜெர்மனில் 'இருக்கிறது' என்று சொல்லி வருஷத்தைச் சேர்த்தால் முடிந்தது, நம்மைப்போலவே. இங்கிலீஷில் அப்படிச் சொன்னால் தப்பு. 'ஹேஸ்' போட்டு, அதன் முதுகில் 'ஹேட்' ஏற்றி, "ஹீ ஹேஸ் ஹேட் ஃபீவர்" என்று சொல்ல வேண்டும். பத்து நாள் சொல்லிக்கொடுத்தேன். பத்து நாளும் தப்பாகச் சொன்னார். பதினோராம் நாள் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னார்:

"ஒரு காய்ச்சலுக்கு இரண்டு வினைச்சொல் செலவழிக்கிற ஜனங்கள் சண்டையில் எப்படி ஜெயிப்பார்கள்?"

துரை தொப்பி

பிறகு சியாமுக்கு ஆள் எடுக்கும் உத்தரவு வந்தது. ரயில் பாதை போட இருபது ஆண்கள். மூன்று மாத வேலை, முடிந்ததும் திரும்பலாம் என்றார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து கெமாஸ் ஸ்டேஷனில் ரயிலேறினவர்கள் எட்டு மாதமாகத் திரும்பவில்லை, ஒரு துண்டுக் கடிதமும் இல்லை. சார்ஜன் பெரிய கிராணியிடம் வாங்கின பட்டியலில் மாணிக்கத்தின் பேர் இருந்தது. நோயாளியைக் கொண்டுபோக மாட்டார்கள், டாக்டர் பார்த்து விடுவிப்பார் என்று கேள்விப்பட்டதும் வீராயி என்னிடம் ஓடிவந்தாள். "அவன் காய்ச்சல் இருக்கிறது என்று சொன்னால் போதும், நான் அதை அப்படியே சொல்கிறேன்" என்றேன். மூன்று நாள் லயத்தில் அவள் அவனுக்குப் பாடம் நடத்தினாள். 'காய்ச்சல் இருக்குங்க', 'காய்ச்சல் இருக்குங்க' என்று அவன் முனகுவது பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்டதாம்.

அன்றைக்குப் பெரட்டுக் களத்தில் வரிசை. வெயிலுக்காக டாக்டர் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, துரை எந்த இடத்தில் நிற்பாரோ அதே இடத்தில் நின்றார். பதினாறு பேர் ஆனதும் மாணிக்கம் வந்தான். "காய்ச்சல் இருக்கிறதா?" என்றார் டாக்டர் ஜெர்மனில். நான் தமிழில் கேட்டேன். மாணிக்கம் தொப்பியைப் பார்த்தான். கை இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொண்டன, நெஞ்சு நிமிர்ந்தது. "இல்லீங்க தொர, நல்லா இருக்கேன்!" என்றான். சாக்கடைக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூட்டத்தில் வீராயி தலையில் அடித்துக்கொண்டாள்.

சொன்னதைச் சொல், கூட்டாதே, குறைக்காதே. நாற்பது வயது வரைக்கும் அந்தச் சட்டத்தை நான் மீறினதில்லை. அன்றைக்கு மீறினேன். "பன்னிரண்டு வருஷமாகக் காய்ச்சல் இருக்கிறது என்கிறான்" என்று ஜெர்மனில் சொன்னேன். காலம் சுத்தமாக இருந்தது, பாதிரியார் அம்மா கேட்டிருந்தால் முழு மார்க் போட்டிருப்பார். ஆனால் அதற்கு முன் பதினாறு பேர் அதே தொப்பிப் பழக்கத்தில் 'நல்லா இருக்கேன்' என்று சொன்னதை டாக்டர் கேட்டிருக்கிறார், பதினாறு தடவையும் நான் அதைச் சரியாகப் பெயர்த்திருக்கிறேன். அவர் என்னைப் பார்த்தார். பொய் சொன்ன துபாஷிக்கு என்ன நடக்கும் என்று தம்பின் பசாரில் நாங்கள் எல்லாரும் பார்த்தவர்கள்தான். பயத்தில் எனக்கு மூத்திரம் முட்டியது, ஒளிக்க என்ன இருக்கிறது. அவர் மாணிக்கத்தின் இடது விலா எலும்புக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்தினார். வீங்கின மண்ணீரல் கல் மாதிரித் தட்டியிருக்கும், கையை எடுக்கவில்லை. தொப்பியைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, சார்ஜனுக்குப் புரியாத எதிரி பாஷையில், ஓர் எழுத்துத் தப்பில்லாமல் என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"ஹீ ஹேஸ் ஹேட் ஃபீவர் ஃபார் ட்வெல்வ் இயர்ஸ்."

இருபதாவது ஆள்

மாணிக்கத்தின் பேரை அடித்தார்கள். அடித்தால் கணக்கு குறையுமே? சார்ஜன் வரிசைக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கோவிந்தனைக் கம்பால் காட்டிக் கூப்பிட்டான். கோவிந்தன் மாணிக்கத்துக்குப் பக்கத்து நிரை, ஒரே லயம். இருபத்தாறு வயது. ஒரு நாளும் என் பின் ஜன்னலுக்கு வந்ததில்லை, அப்படி ஓர் உடம்பு. டாக்டர் கேட்டார், நான் கேட்டேன், அவன் "நல்லா இருக்கேங்க" என்றான். நான் அதை அப்படியே பெயர்த்தேன். வேறென்ன செய்திருக்கலாம் என்று இதுவரைக்கும் எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். இன்னொரு பொய் சொல்லத் துணிச்சல் இல்லை, அதுதான் உண்மை.

மூன்றாம் நாள் லாரி வந்தது. ஏறும்போது அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டான்:

"நான் சொன்னத சரியாதான சொன்னீங்க ஐயா?"

கெட்ட பேர்

மாணிக்கம் வந்து காலில் விழுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சண்டைக்கு வருவான் என்றும் எதிர்பார்க்கவில்லை. லாரி போன மறுநாள் மத்தியானம், பின் ஜன்னலில் வந்து நின்றான். மருந்து கேட்கவில்லை. வீராயி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கிறாள், அவன் நகரவில்லை. அத்தனை பேர் முன்னால், பெரட்டுக் களத்தில், நான் அவனை நோயாளி ஆக்கிவிட்டேனாம். லயத்தில் சின்னப் பிள்ளைகூட 'காய்ச்சல் மாணிக்கம்' என்று கூப்பிடுகிறதாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஓங்கி ஓர் அறை விடலாமா என்றும் வந்தது. "உயிரோடு நின்று திட்டுகிறாயே, அது போதும்டா" என்றேன். அவன் விடவில்லை:

"நான் நல்லா இருக்கேன்னு சொன்னேன், அத மாத்திச் சொல்ல நீங்க யாரு?"

முன் வாசல்

நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு அவன் பின் ஜன்னலுக்கு வரவேயில்லை. வீராயி வந்து வாங்கிப் போவாள். கண்ணாடி டாக்டர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவருக்கு ஜெர்மனும் தெரியாது, பொறுமையும் கிடையாது. பாதி டின் கொயினாவும் தீர்ந்தது. வேப்பிலைக் கஷாயம் ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சியாமிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஒரே ஓர் ஆள் திரும்பி வந்தான். காலில் அழுகின புண், கண் குழி விழுந்து, சொந்தத் தங்கச்சிக்கே அடையாளம் தெரியவில்லை. அவன்தான் சொன்னான். பாதை போட்ட காட்டில் வாந்திபேதி வந்ததாம். இரண்டு நாளில் கோவிந்தன் முடிந்துபோனானாம். கடைசிவரைக்கும், கேட்டவர்களிடமெல்லாம் நல்லா இருக்கேன் என்றுதான் சொன்னானாம். லயத்தில் அழுகைச் சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மாணிக்கம் அழவில்லை, சாப்பிடவும் இல்லை என்று வீராயி சொன்னாள். நான் இங்கே மருந்தறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலைப் பெரட்டு. கிழங்குக் காட்டுக்குப் புல் வெட்ட ஆள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாணிக்கத்தின் பேரைக் கூப்பிட்டதும் அவன் வரிசையை விட்டு வெளியே வந்தான். நடுங்கிக்கொண்டே, எல்லார் பார்க்கவும், களத்தின் நடுவே நடந்து ஆஸ்பத்திரி முன் வாசலுக்கு வந்தான். மரியாயி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வழிவிட்டாள். அவன் படியேறி என் மேஜைக்கு முன்னால் நின்று, களம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான்:

"ஐயா, எனக்குக் காய்ச்சல் இருக்கு."

நான் துபாஷியாக இருந்த நாளில் எந்த மொழிக்கும் பெயர்க்காமலே விளங்கின ஒரே வாக்கியம் அதுதான், கொடுக்கத்தான் கையில் கொயினா இல்லை.